குருவிகள் வராத வருடம்

மார்ச் 4

என் பொடிசுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், மாமா, வாண்டு மூன்று பேரும் சுகம். நீயும் அந்த ஊரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டாலும் அப்படித்தான் எழுதப்போகிறாய்.

என் போன் கெட்டுவிட்டது. மாமா கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறான். அதனால் இனிமேல் கடிதம்தான். நமக்கென்ன, இது புதிதா? அம்மாவுக்குக் காது கேட்காததால் நம் வீட்டில் சண்டைகூடத் துண்டுச் சீட்டில்தானே நடந்தது. நீ கோபமாக எழுதிய சீட்டை அம்மா படித்துவிட்டு, பின்பக்கத்தில் "எழுத்துப் பிழை" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பாள்.

மில்லில் புதிதாக ஒரு வரிசைத் தறி இறக்கியிருக்கிறார்கள். எல்லாம் ஓடும்போது தரை நடுங்குகிறது. தேநீர் டம்ளரைக் கீழே வைத்தால் உள்ளே வட்டம் வட்டமாக அலை வரும். பஞ்சுத் தூசு ஜன்னல் வெயிலில் மிதந்துகொண்டே இருக்கும். அதற்குள் நாங்கள் நடக்கும்போது, குளத்தின் அடியில் நடப்பவர்கள் போல இருக்கிறோம். எனக்கு அந்த நேரம் பிடித்திருக்கிறது.

இந்த வருடம் நம் வீட்டுக் கூரைக்குக் குருவிகள் வரவில்லை. வாண்டு மட்டும் "வந்திருக்கும்மா, கத்துது பாரு" என்று சாதிக்கிறாள். ஆறு வயதிலேயே இப்படிப் புளுகு.

உன் வேலை என்னவென்று விவரமாக எழுது. "உன் தங்கச்சி காது டாக்டரா?" என்று ரேடியோ கேட்டாள். ரேடியோ என்றால் பக்கத்துத் தறிக்காரி. வாய் மூடாது, அதனால் அந்தப் பெயர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

நான் நலம்தான். நேரத்துக்குச் சாப்பிடவில்லை, நேரத்துக்குத் தூங்கவும் இல்லை. உண்மையை எழுதுகிறேன், திட்டிக்கொள். மாமாவுக்கு வணக்கம், வாண்டுக்கு ஒரு கொட்டும் ஒரு முத்தமும்.

அதென்ன கடை, ஒரு போனைப் பழுது பார்க்க இத்தனை நாள்? மாமாவின் போனுக்கு மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் நீ குளித்துக்கொண்டிருக்கிறாய் என்றார். நீ தறிக்காரியா, இல்லை குளத்து மீனா?

ரேடியோவிடம் சொல்: நான் டாக்டர் இல்லை, டாக்டருக்கு முந்தின அறையில் உட்கார்ந்திருப்பவள். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டிய ஒரு சின்ன அறை. அதற்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக் கதவைச் சாத்துவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நான் பொத்தானை அழுத்தினால் அவருக்கு ஒரு சத்தம் போகும். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். தடித்த சத்தத்தில் ஆரம்பித்து ஊசி போன்ற கூர்மையான சத்தம் வரை போவேன். எங்கே விரல் எழவில்லையோ அங்கே தாளில் புள்ளி கீழே இறங்கும்.

இங்கே வந்த பிறகுதான் "செவிடு" என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வகை இருக்கிறது என்று புரிந்தது. சிலருக்கு வாசலில் கோளாறு. நேற்று ஒரு சின்னப் பெண், சளி பிடித்துப் பிடித்துக் காதுக்குள் சீழ் கட்டிவிட்டது. ஒரு தையல்காரருக்குச் செவிப்பறையில் ஓட்டை. இவர்களுக்கெல்லாம் சத்தம் உள்ளே போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. மருந்தோ கத்தியோ வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னும் சிலருக்கு வாசல் திறந்தே இருக்கும், உள்ளறைதான் காலி. உள்காதில் புல் மாதிரி நுண்ணிய முடிகள் இருக்கின்றன. சத்தம் வந்தால் அவை அசைந்து நரம்புக்குச் சொல்லும். அந்தப் புல் கருகினால் திரும்ப முளைக்காது. முதுமையில் கருகும், சில மருந்துகளில் கருகும், விடாத இரைச்சலில் கருகும். இரண்டும் சேர்ந்து கெட்டவர்களும் உண்டு.

இந்த இரைச்சல் ஆட்களைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தகடு அடிக்கும் பட்டறையிலிருந்து ஆட்களை வண்டியில் ஏற்றி வருகிறார்கள். முப்பது வயது ஆள், தாளைப் பார்த்தால் எழுபது. உடன் வந்த மேலாளர் கேட்கிறான்: "ஹெட்போன்ல பாட்டு கேட்டுக் கெடுத்துக்கிட்டானோ?"

குருவிகள் வரவில்லை என்றாயே, கூரையை மாற்றினீர்களா?

பொடிசு


ஏப்ரல் 2

என் பொடிசுக்கு,

உன் கடிதம் கிடைத்து எல்லோரும் மகிழ்ந்தோம். வாண்டுக்குப் பல் விழுந்திருக்கிறது. அதைத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். மாமா கண்டக்டர் வேலையில் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு, வீட்டிலும் "உள்ளே போ, உள்ளே போ" என்கிறார். மற்றபடி குறையில்லை.

நீ எழுதியதைத் தறிக்கூடத்தில் சொன்னேன். சொன்னேன் என்றால் வாயால்தான், ஆனால் சத்தமில்லாமல். தறி ஓடும்போது தொண்டையைக் கிழித்துக்கொண்டாலும் பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்காது. அதனால் நாங்கள் உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசுவோம். நாலு தறி தள்ளி நிற்பவளின் வீட்டுச் சண்டைகூட எனக்கு முழுசாகத் தெரியும். மேஸ்திரி முதுகைக் காட்டி நிற்கும்போது அவரைப் பற்றி நாங்கள் பேசுவது இருக்கிறதே! அவர் திரும்பினால் எல்லோரும் கொட்டாவி விடுவோம். பார்க்கிறவனுக்கு மீன்தொட்டி போல இருக்கும். நீ என்னை மீனா என்று கேட்டது சரிதான்.

ரேடியோ உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அவளுக்குக் குழாயில் தண்ணீர் விழுவது தெரிகிறதாம். ஆண்கள் பேசினால் புரிகிறதாம். குழந்தைகள் பேசினால் பேச்சின் ஓரமெல்லாம் நனைந்த காகிதம் போல ஊறிக் கரைந்து போகிறதாம். வலது பக்கம் கூடுதல் மந்தம். சும்மா இருக்கும்போது காதுக்குள் தூரத்தில் யாரோ விசிலை ஊதிக்கொண்டே இருக்கிறார்களாம். அது தொந்தரவாக இல்லை, சில நாள் அழகாகக்கூட இருக்கிறது என்கிறாள். இது எந்த வகை? தானாகப் போய்விடுமா? அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

கடிதம் போடு.

உன் அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

வாய் ஓயாத ரேடியோ தன் காதைப் பற்றி மட்டும் உன் மூலமாகக் கேட்பாளா? யாரிடம் காது குத்துகிறாய்? என் தொழிலே காது.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். குருவிகள் வந்திருக்கின்றன அக்கா. வாண்டு புளுகவில்லை. குருவிக் கத்தல் ஊசிச் சத்தம், இரைச்சலில் முதலில் போவது அதுதான். உன் போனும் கெடவில்லை. போனில் உதடு தெரியாது, அதனால்தான் உனக்குப் போன் வேண்டாம். மாமாவையும் கூட்டாளியாக்கி உன்னைத் தினம் குளிக்க வைத்திருக்கிறாய்.

ஊரான் காதுக்கெல்லாம் புள்ளி வைக்கிறேன். என் அக்காவின் காது இரண்டு கடிதம் தாண்டித்தான் எனக்குத் தெரிகிறது. உன்மேல் கோபமா, என்மேல் கோபமா, அந்த மில்மேல் கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

எவ்வளவு நாளாக? மில்லில் சோதனையே செய்வதில்லையா? உண்மையை எழுது.

எல்லோரும் நலமா?

பொடிசு


மே 20

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. தபால்காரரைப் பார்த்தால் தெரு முனையிலேயே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். மாமாவிடம் பேசினேன். "நல்லாத்தாம்மா இருக்கா, உன் லெட்டரைத் தலையணைக்குக் கீழே வெச்சிருக்கா" என்றார். பிறகு எதையோ சொல்ல ஆரம்பித்து, பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டார். அவர் பஸ்ஸிலேயே வேலை செய்கிறார். பஸ் எப்படி வரும்?

நான் கத்தி எழுதியது தப்பு. எழுத்தில் கத்தினால் உனக்குக் கேட்டுத் தொலைக்கிறது. பதில் போடு.

பொடிசு


ஜூன் 3

என் பொடிசுக்கு,

சுகம்தான். உன்னைத் தவிக்க விட்டதற்குத் திட்டாதே. எழுதினால் உண்மையாகிவிடும் போல இருந்தது. அதனால் எழுதவில்லை.

எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது. இருட்டுவது போலத்தான் இதுவும். எந்த நிமிடத்தில் இருட்டியது என்று யாருக்குத் தெரியும்? ஒரு நாள் வாண்டு வாயைத் திறந்து சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்று சிரிப்பவள் போலத் தெரிந்தாள். நடுவில் ஜன்னலே இல்லை. அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மில்லில் சோதனை உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை, அக்டோபரில், ஒரு வண்டி வரும். அதற்குள் நீ எழுதியது போலவே அறை, கண்ணாடி, காதில் மாட்டுவது. நான் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. எங்களில் அநேகமாக யாருமே தோற்றதில்லை. நீ திட்டுவாய், ஆனாலும் சொல்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை எடுக்கும் தம்பி உட்கார்ந்திருப்பான். பொத்தானை அழுத்தும்போது அவன் தோள் கொஞ்சம் இறங்கும். அழுத்தின பிறகு நம் முகத்தைப் பார்ப்பான். உதடு பார்த்தே வாழ்கிறவர்களுக்கு ஒரு தோளைப் படிப்பதா கஷ்டம்? விரலைத் தூக்கிவிடுவோம். புதிதாகச் சேரும் பெண்ணுக்கு நூல் முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்த கையோடு இதையும் கற்றுக் கொடுத்துவிடுவோம்.

தோற்றால் என்ன ஆகும் என்று கேட்பாய். போன வருடம் ஒருத்தி தோற்றாள். நாங்கள் "ஒட்டகம்" என்று கூப்பிடுவோம், அவ்வளவு உயரம். அந்த நேரத்தில் தும்மிவிட்டாள், தோளைப் பார்க்க முடியவில்லை. அவளைத் தறியிலிருந்து எடுத்துப் பின்கட்டில் கழிவுப் பஞ்சு பொறுக்கப் போட்டார்கள். கூலி பாதி. அதைவிட, அங்கே பேச ஆளே கிடையாது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மழைக்காலம் முடிவதற்குள் நின்றுவிட்டாள்.

இன்னொன்று. வேலைக்குச் சேரும்போது மில் டாக்டர் "வீட்ல யாருக்காவது காது கேக்காதா?" என்று கேட்டார். நான் வெகுளி, அம்மாவுக்கு என்றேன். எழுதிக்கொண்டார். "அப்போ உங்களுக்கு வந்தா அது பரம்பரை. மில்லு பொறுப்பில்ல. சரியாம்மா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மரியாதைக்கு.

அக்டோபர் வரப்போகிறது. இந்தத் தடவை வேறு ஆள் வந்தால், அவன் தோள் அசையாத ஆளாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை. காதைப் பற்றி இல்லை.

உன் அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

கடிதம் வந்ததே போதும். நான் நலம். உன்னைத் திட்டப்போவதில்லை, கொஞ்ச நேரத்துக்கு.

நேற்றுத் தகடுப் பட்டறை ஆள் ஒருவர் வந்தார். அவர் விரல் டக் டக்கென்று எழுந்தது. உன் கடிதம் நினைவுக்கு வந்தது. பொத்தானை அழுத்தவில்லை. தோளை மட்டும் இறக்கி, அவர் முகத்தைப் பார்த்தேன். விரல் உயர்ந்தது.

அக்கா, இதுவரை எத்தனை பேருக்கு "நன்றாகக் கேட்கிறது" என்று எழுதிக் கொடுத்தேனோ! அவர் விரல் மட்டும் எனக்குத் தெரியும்படி கண்ணாடியில் துணி தொங்கவிட்டேன். சோதனையைத் திரும்ப எடுத்தேன். அவர் வெளியே வந்து, "ஏம்மா இப்படிப் பண்ணே? எனக்கு ரெண்டு பொண்ணு" என்றார். கோபமாகக்கூட இல்லை. நான் உண்மையைக் கண்டுபிடித்தேன், அவர் வேலை போகப்போகிறது. இந்த லட்சணத்தில் என் நேர்மை.

ஆனாலும் சொல்கிறேன். அக்டோபரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார். கேட்டால் தூக்கு, கேட்காவிட்டால் தூக்காதே. நீ ஜெயிக்கும் ஒவ்வொரு வருடமும் மில் பத்திரமாகிறது, நீ கருகுகிறாய். அடுத்துப் போவது வாண்டின் பேச்சு. அதற்கடுத்து மாமாவின் கத்தல்.

இப்போது ஒரு வேலை செய். வாயை மூடிக்கொண்டு, "ம்ம்ம்" என்று முனகு. எந்தக் காதில் அதிகம் கேட்கிறது என்று பார்த்து எழுது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அம்மாவுக்குப் பிறவியிலேயே கேட்காதா? நான் பார்த்த நாளிலிருந்து அப்படித்தான். அம்மாதான் இப்போது இல்லையே, உனக்கு நினைவிருப்பதை எழுது.

உன் பொடிசு


ஜூலை 1

என் பொடிசுக்கு,

எல்லோரும் சுகம். வாண்டுக்குப் புதுப் பல் கோணலாக முளைக்கிறது.

கண்ணை மூடு என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். உனக்குக் கோபம் வந்தால் கடிதம் எழுதுகிறாய். எனக்குக் கோபம் வந்தால் அடுத்த நாளே பஞ்சு பொறுக்குவேன். உன் அறையில் கதவைச் சாத்தினால் அமைதி. என் அறையில் அமைதி வந்தால் மோட்டார் நின்றுவிட்டது என்று அர்த்தம், மேஸ்திரி ஓடி வருவார். இதை மனதில் வைத்துக்கொண்டு புத்தி சொல்.

நீ சொன்னபடி முனகினேன். விசித்திரம்! மந்தமான வலது காதில்தான் சத்தம் ஓங்கிக் கேட்டது. தலைக்குள் அந்தப் பக்கம் ஒரு குடம் இருப்பது போலவும், அதற்குள் வண்டு சுற்றுவது போலவும் இருந்தது. நன்றாக இருந்ததால் நிறுத்தவில்லை. முனகிக்கொண்டே போனேன். அது தானாக ஒரு பாட்டாக வளைந்தது. எனக்குத் தெரிந்த பாட்டுத்தான், ஆனால் எங்கே கேட்டது என்று தெரியவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா பாடியது. உன்னைத் தொட்டிலில் போட்டு.

உனக்குத் தெரியாது. நீ கைக்குழந்தை. அம்மாவுக்கு அப்போது நன்றாகக் கேட்கும். நான் அடுத்த அறையில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால்கூட "மூடு" என்பாள். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது, இருமல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். தினம் ஊசி. பிழைத்து வந்தாள். ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், படகில் நடப்பவள் போல. நான் டப்பாவைத் திறந்தேன். அவள் திரும்பவில்லை. அன்றைக்குச் சர்க்கரை தின்ன முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது. அதற்குப் பிறகு அவள் பாடவே இல்லை. உனக்குத் தெரிந்த அந்தத் தட்டையான குரல் அதன் பிறகு வந்தது. வீட்டில் எல்லோரும் "வம்சத்துக் கோளாறு" என்றார்கள். நானும் அதையே டாக்டரிடம் ஒப்பித்தேன்.

என் கனவுகளில் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது, தெரியுமா? குருவி, குழாய், அம்மா எல்லாம். விழித்துக்கொண்டதும் யாரோ கம்பளியைப் போர்த்திவிடுகிறார்கள்.

உன் அக்கா


ஜூலை 10

அக்காவுக்கு,

மூன்று தடவை படித்தேன். அம்மாவுக்கு ஒரு குரல் இருந்தது, அது என்னைத் தூங்க வைத்தது என்று இத்தனை வயதுக்குப் பிறகு எனக்குத் தெரிகிறது. அந்தப் பாட்டைப் பற்றிப் பிறகு கேட்கிறேன். இப்போது கேட்டால் எழுத்து நேராக வராது.

அம்மாவைக் கெடுத்தது வம்சம் இல்லை, ஊசி என்றுதான் படுகிறது. உயிரைக் காப்பாற்றும் சில மருந்துகள் உள்காதின் புல்லைக் கருக்கிவிடும். நடை தள்ளாடுவதும் அதனால்தான், உடம்பை நேராக நிறுத்தும் உறுப்பும் அதே இடத்தில் இருக்கிறது. அம்மா பிழைத்ததற்குக் காது விலையாகப் போனது. அது உனக்கும் எனக்கும் இறங்கி வராது. மில் டாக்டர் பரம்பரை என்று எழுதியது மில்லுக்குக் குடை.

இப்போது உன் "ம்ம்ம்". சத்தம் தலையின் எலும்பு வழியாகவும் காதுக்குள் போகும். வாசல் அடைபட்ட காதில் அப்படிப் போன சத்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றும், அதனால் ஓங்கிக் கேட்கும். உள்ளறை மட்டும் கெட்டிருந்தால் நல்ல காதுப் பக்கம்தான் கேட்கும். உன் வலது காதில் எதுவோ அடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். இரைச்சல் வேலை இரண்டு காதிலும் நடந்திருக்கும், அது வேறு. மில்லில் காதுக்கு என்ன வைத்துக்கொள்கிறீர்கள்? நிச்சயம் நல்ல அடைப்பான் எதுவும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

எண்ணெய் ஊற்றாதே, குச்சி விடாதே, ரேடியோவின் வைத்தியம் எதையும் கேட்காதே. விடுப்பு எடுத்து, காது டாக்டரிடம் போ.

கண்ணை மூடச் சொன்னதைப் பற்றி யோசித்தேன். உன் ஒருத்தியை மூடச் சொன்னேன். அது தைரியம் இல்லை, உன்னைப் பிடித்துத் தள்ளுவது. வேறு என்ன செய்யச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பொடிசு


ஆகஸ்ட் 24

என் பொடிசுக்கு,

சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம்.

டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, உள்ளே தலையணை வெச்சிருக்கீங்க?" என்றார். மில்லில் எங்களுக்கு அடைப்பான் கிடையாது. பெரிய அதிகாரிகள் பார்வையிட வந்தால் மட்டும் ஒரு பெட்டியைத் திறந்து கொடுப்பார்கள், அவர்கள் போனதும் எண்ணி வாங்கிக்கொள்வார்கள். அதனால் தரையில் கிடக்கும் கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு நாள் ஒரு உருண்டை பாதி பிய்ந்து உள்ளேயே தங்கிவிட்டது. நான் அதன்மேல் தினம் புதிதாக அடைத்து அடைத்து அதை உள்ளே தள்ளியிருக்கிறேன். மெழுகும் அழுக்கும் சேர்ந்து கல்லாகிவிட்டது. டாக்டரம்மா மருந்துச் சொட்டு விட்டு ஊறவைத்து, அடுத்த வாரம் கொக்கியால் எடுத்தார். கத்தரிக்கப்பட்ட எலிவால் மாதிரி இருந்தது. மாமா அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். வாண்டின் பல்லுக்குத் துணையாம்.

வெளியே வந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. பொடிசு, மழைக்கு இத்தனை விரல்கள் இருப்பதையே மறந்திருந்தேன். தகரத்தில் ஒரு விதம், குடையில் ஒரு விதம், என் புடவை நனையும்போது ஒரு விதம். என் செருப்புச் சத்தத்தைக் கேட்டு யாரோ பின்னால் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்று எதையும் செய்யாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டோம். ஒரு கண்டக்டர் பஸ்ஸை விடுவதைப் பார்த்திருக்கிறாயா?

மறுநாள் வாண்டு என்னைக் கூரைக்குக் கீழே நிறுத்தினாள். குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அலகைத் திறந்து திறந்து மூடின. "கேக்குதா? கேக்குதாம்மா?" என்றாள். அவள் கேட்டது எனக்குக் கேட்டது. குருவி கேட்கவில்லை.

டாக்டரம்மா தாளைக் காட்டி, நீ எழுதியதையே சொன்னார். வாசல் திறந்தாயிற்று. கருகினது கருகினதுதான், இரண்டு பக்கமும். ஆனால் ஒரு வேடிக்கை: வலது காதில் கல்லாக உட்கார்ந்திருந்த அந்தப் பஞ்சு இரைச்சலைக் கொஞ்சம் தடுத்திருக்கிறதாம். அதனால் வலது காது இடதைவிடக் குறைவாகத்தான் கெட்டிருக்கிறது. மில் கொடுக்காத பாதுகாப்பை என் அழுக்கு கொடுத்திருக்கிறது.

உன் கடிதங்களைத் தறிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். ரேடியோ தறிக்கு நடுவில் நின்று ஒவ்வொரு வரியாக உதட்டை அசைத்துப் படித்தாள். "என் பேர்ல உன் காதை ஓட்டியிருக்கியாடி?" என்று என்னை முறைத்தாள். பிறகு அம்மாவைப் பற்றிய கடிதம் வந்ததும் மெதுவாகப் படித்தாள். கடைசி வரிசைவரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் பல பேர் வாயை மூடிக்கொண்டு முனகிப் பார்ப்பது தெரிந்தது. கன்னம் அசைவதில் தெரிந்துவிடும்.

உன் அக்கா


செப்டம்பர் 29

அக்காவுக்கு,

நலம். உன் மழை இங்கேயும் பெய்கிறது, நான் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் வண்டி வருமென்று நினைக்கிறேன். நீ எதைச் செய்தாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். தோளைப் பார்த்தாலும் சரி. அந்தத் தகடுப் பட்டறைக்காரரை வாசலில் உட்கார வைத்துவிட்டார்கள். காவல் வேலை. நேற்று அவரைத் தெருவில் பார்த்தேன், என்னைப் பார்த்ததும் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். அவருக்குப் பக்கத்தில் யாருமே இல்லாததுதான் அவர் செய்த தப்பு.

பொடிசு


அக்டோபர் 17

என் பொடிசுக்கு,

நான், மாமா, வாண்டு, தறிக்கூடம் மொத்தமும் சுகம்.

வண்டி வந்தது. அதே தம்பி, அதே தோள். முதல் ஆளாக ரேடியோ உள்ளே போனாள். காதில் மாட்டினார்கள், கதவைச் சாத்தினார்கள். நாங்கள் வரிசையில் நின்று வண்டி ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவள் எங்களைத் திரும்பிப் பார்த்து உதட்டை அசைத்தாள்: "தூங்கப் போறேன்." கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தத் தம்பி தோளை இறக்கினான். விரல் எழவில்லை. முகத்தைப் பார்த்தான். முகம் தூங்கியது. எவ்வளவோ நேரம் கழித்து ஒரு விரல் மெதுவாக எழுந்தது, கனவில் எதையோ சுட்டிக் காட்டுவது போல. அடுத்தவளும் கண்ணை மூடினாள். அதற்கடுத்தவளும். இதை நாங்கள் வாய்விட்டு எந்த இடத்திலும் பேசவில்லை, மேஸ்திரி கேட்டிருக்க முடியாது. மூன்று வாரமாக அவர் கண்முன்னால் பேசினோம். நாங்கள் கொட்டாவி விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. கண்ணை மூடினால் உள்ளே அவ்வளவு பெரிய இடம் இருக்கிறது, பொடிசு. பயமாகத்தான் இருந்தது. வாண்டின் பள்ளிக்கூடம், வாடகை எல்லாம் வந்து போனது. தூரத்து விசில் ஊதியது. அதற்கு நடுவில் தடித்த சத்தம் ஒன்று வந்தது, தூக்கினேன். இன்னொன்று, தூக்கினேன். பிறகு ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. சத்தங்கள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகின்றன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதைவிடக் கஷ்டமான வேலையை நான் அந்த மில்லில் செய்ததில்லை.

தாள்களை மில் டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். என் தாளில் பேனாவை வைத்து, "உங்களுது பரம்பரை, அதான் முன்னமே சொன்னேனே" என்றார். அடுத்த தாள், அதே சரிவு. அதற்கடுத்ததும் அதே. பேனா நின்றுவிட்டது. ரேடியோ முன்னால் வந்தாள்.

"ஏன் டாக்டர், அப்போ நாங்க எல்லாரும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்களா? சொல்லியிருந்தா இத்தனை வருஷம் அக்கா தங்கச்சின்னு கூப்பிட்டிருப்போமே!"

சிரித்தோம் பார். தறி நின்றிருந்ததால் எனக்கே கேட்டது.

எல்லோரையும் பஞ்சு பொறுக்கப் போட முடியாது. போட்டால் தறியை யார் ஓட்டுவது? இரண்டு நாள் மிரட்டினார்கள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, "திரும்ப எடுத்துக்கலாம், கண்ணைத் திறந்து உக்காரு" என்றார்கள். யாரும் போகவில்லை. அதிகாரிகளுக்குக் காட்டும் அந்தப் பெட்டி இப்போது எங்கள் கையில் இருக்கிறது. புதுத் தறிகளைத் தனிச் சுவர் கட்டிப் பிரிக்கிறோம் என்கிறார்கள். கட்டினால்தான் நிஜம். ஒட்டகத்தைத் திரும்ப எடு என்றோம், அதற்கு வாயே திறக்கவில்லை. நாங்கள் விடுவதாக இல்லை. கருகினது எதுவும் முளைக்காது. ஆனால் போன வாரம் சேர்ந்த பெண்ணுக்கு முடிச்சுப் போட மட்டும் கற்றுக் கொடுத்தோம். தோளைப் பற்றிச் சொல்லவில்லை.

போனைக் கடையிலிருந்து வாங்கிவிட்டோம் என்று மாமா எழுதச் சொன்னார். என்ன மனுஷன், பொய்யை முடிக்கும்போதுகூட ஒழுங்காக முடிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. வலது காதில் வைத்துக்கொள்வேன். நீ பேச வேண்டாம், பேசினாலும் பாதிதான் பிடிபடும். அதைக் கடிதத்தில் எழுது. நான் பாடுகிறேன். அம்மாவின் பாட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது, அதை முழுசாகக் கேட்கும் காது உன்னிடம்தான் இருக்கிறது. என் குரல் எனக்குச் சரியாகக் கேட்காது, எங்காவது இழை அறுந்தால் சொல்லாதே, சிரிக்காதே. வாண்டைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று அவள் போன் அருகே காதை வைத்துப் பார்த்துத் தலையாட்டினால் போதும். நான் நிறுத்த மாட்டேன்.

உன் அக்கா